சிவப்புக் கழுத்து வாத்தும் வேலியும்

வாத்துகளுக்கென்று ஒரு வாரியம் இருப்பது வாத்துகளுக்குத் தெரியாது. லுங்சோ ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் எங்களுக்கும் நெடுநாள் தெரியாமல்தான் இருந்தது. உயர்நில நீர்ப்பறவை நல வாரியம் என்று அதற்குப் பெயர். நகரத்தில் மூன்று மாடிக் கட்டடம். வாசலில் சிமெண்டால் செய்த வாத்து ஒன்று நிற்கும். தலையில் அடிக்க வேண்டிய இரண்டு கறுப்புப் பட்டைகளை வர்ணம் பூசியவன் அதன் கழுத்தில் அடித்துவிட்டான். தலையில் பட்டை இருப்பதால்தான் அது வரித்தலை வாத்து என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தெரியவந்தபோது திறப்பு விழா முடிந்திருந்ததால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

எங்களுக்கும் வாத்துக்கும் உள்ள ஏற்பாடு வாரியத்தைவிடப் பழையது. குளிர் முழுக்க ஆடுகள் மேட்டுச் சரிவில் காய்ந்த குச்சியையும் முள்ளையும் கடித்துக்கொண்டு கிடக்கும். ஏரியில் பனி உடைந்ததும் தெற்கேயிருந்து வாத்துகள் மலையைத் தாண்டி வந்து இறங்கும். முதல் கூட்டம் இறங்கிய மறுநாள் காலை நாங்கள் கூடாரத்தைப் பிரித்து யாக் மாட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டு கரைக்கு இறங்குவோம். அதற்கு முன்னால் இறங்க மாட்டோம், பின்னால் தள்ளிப்போடவும் மாட்டோம். ஆடுகள் குட்டி போடுகிற பருவம் அது. கரையில் முளைக்கிற முதல் புல்லைத் தின்றால்தான் தாய்க்குப் பால் ஊறும், குட்டி பிழைக்கும். ஆடு முன்னால் மேய்ந்து புல்லைக் கட்டையாக்கும். கட்டைப் புல்தான் வாத்துக்குப் பிடிக்கும், அது பின்னால் மேயும். இதற்காக யாரும் கூட்டம் போட்டதில்லை.

இனி மோருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கூடாரத்துக்கு அடுத்த கூடாரம் அவனுடையது. ஆட்டிடம் பேசுகிற அளவுக்குக்கூட ஆளிடம் பேச மாட்டான். அவன் மனைவி சுஸ்கிட் அந்தக் குறை தெரியாமல் இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். ஒரே மகள், யாங்டோல். ஒரு கோடையில் அந்தக் குழந்தைக்கு நெஞ்சு கட்டிக்கொண்டது. மூச்சு விடும்போது பழைய துருத்தி இழுக்கிற சத்தம் என் கூடாரம் வரை கேட்டது. ஆஸ்பத்திரி இருப்பது நகரத்தில். அன்றைக்கு ஆற்றில் வெள்ளம், ஜீப் வரவில்லை. மோருப் ஓர் உயிரை விடுவிப்பதாக வேண்டிக்கொண்டான்.

ஓர் உயிருக்காக இன்னோர் உயிரை விடுவிப்பது எங்கள் வழக்கம். கத்திக்குப் போகவிருந்த ஆட்டையோ யாக்கையோ பிடித்துச் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவிட்டால் அதை யாரும் அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது. அது தானாக வாழ்ந்து தானாகச் சாகும். அந்த நூலை மட்டும் அவிழ்க்கவே கூடாது. அவிழ்த்தால், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதாக ஆகிவிடும்.

அன்று மோருப் ஆட்டைத் தேடிப் போகிற வழியில், பட்டாளத்து முகாமின் எச்சிலில் கொழுத்த நாய்கள் ஒரு வாத்தைச் சிறகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. கவணால் கல் வீசி நாய்களை விரட்டினான். வாத்தைத் தூக்கி வந்து அதன் கழுத்திலேயே நூலைக் கட்டிவிட்டான். ஊரே சிரித்தது. ஓர் ஆட்டை மிச்சம் பிடித்துவிட்டான் என்றார்கள். மடத்து லாமாவிடம் கேட்டபோது அவரும் சிரித்துவிட்டு, இறக்கை இருந்தால் உயிர் குறைந்துவிடுமா என்று கேட்டார். வெள்ளம் வடிந்ததும் நகரத்துக்குக் கொண்டுபோய் யாங்டோலுக்கு ஊசி போட்டார்கள். அவள் பிழைத்தாள். ஊசிதான் காரணம் என்று நர்ஸ் சொன்னாள். நூல்தான் காரணம் என்று சுஸ்கிட் சொன்னாள். வாத்து கருத்து எதுவும் சொல்லவில்லை. மோருப் கையிலிருந்து சத்துமாவைத் தின்று தேறி, குளிருக்கு முன்னால் கூட்டத்தோடு தெற்கே பறந்துவிட்டது. உங்கள் பக்கத்துக் குளங்கள் வரைக்கும் அவை வரும் என்று கேள்வி. அங்கே அவற்றுக்கு என்ன வாரியமோ.

அடுத்த வசந்தத்தில் முதல் கூட்டத்தோடு அது திரும்பி வந்தது. நூல் கொஞ்சம் வெளுத்திருந்தது, ஆனாலும் சிவப்புதான். நாங்கள் கரைக்கு இறங்கிக் கூடாரம் அடித்துக்கொண்டிருக்கும்போதே நேராக மோருப்பிடம் நடந்து வந்து மாவு கேட்டு நின்றது. அத்தனை மலையைத் தாண்டிப் போய் அத்தனை மலையைத் தாண்டி வந்திருக்கிறதே என்று சுஸ்கிட் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, ஒளிக்க ஒன்றுமில்லை.

அந்த வாரமே வாரியமும் வந்தது.

இயக்குநர் அவஸ்தி சமவெளிக்காரர். கணவாய் ஏறும்போதே அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. ஜீப்பின் பின் இருக்கையில் படுக்க வைத்து மூக்கில் குழாய் செருகி, ஆக்சிஜன் உருளையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் கொடுத்திருந்தார்கள். படுத்தபடியே எங்களைக் கூட்டச் சொல்லி உரையாற்றினார். குழாய்க்கு நடுவில் கிடைத்த இடைவெளிகளில் அவர் சொன்னதன் சாரம் இது: வரித்தலை வாத்து மெலிந்த காற்றில் எவ்வித உதவியும் இல்லாமல் இமயத்தைத் தாண்டுகிறது, அது தன்னந்தனியாகச் செய்து முடிக்கும் இந்தக் காரியத்தில் அதற்கு உதவவே வாரியம் அமைக்கப்பட்டிருக்கிறது. பிறகு குழாயைச் சரி செய்யச் சொன்னார்.

பேசி முடித்துத் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கி, ஜீப் ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தார். பிறகு எழுந்தே உட்கார்ந்துவிட்டார். கழுத்தில் சிவப்பு வளையம் உள்ள வரித்தலை வாத்தை உலகத்தில் இதுவரை யாரும் பார்த்ததில்லை என்றார். அது உண்மைதான்.

அவருடைய களப்பணியாளன் ஜிக்மெட் பக்கத்தில் நின்றான். எங்கள் ஆள்தான், பள்ளத்தாக்குக் கிராமம். பச்சைத் தொப்பியில் வாரியத்தின் முத்திரை. நூலைப் பார்த்ததும் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். எங்களில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட அந்த நூல் என்னவென்று தெரியும். சொல்வானென்று காத்திருந்தேன். அவன் இயக்குநர் சொன்னதை எழுதிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மிக வேகம். எங்கள் பாதைக்குத் தார் கேட்டுப் பத்து வருஷம் ஆகிறது; வேலிக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. லாரி லாரியாக முள்கம்பி வந்தது. ‘சிவப்புக் கழுத்து வாத்தின் ஒரே வாழிடம், மனிதரும் கால்நடையும் நுழையக் கூடாது’ என்று பலகை நட்டார்கள். கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு மறுபடி மேட்டுக்குப் போகச் சொன்னார்கள். குட்டி போட்ட ஆடுகளையும் போடவிருந்த ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு திரும்பினோம். கீழே புல் பச்சையாகத் தெரிந்தது. ஆடுகள் கம்பியோரம் நின்று மூக்கை நீட்டிக் கத்தின. மேட்டில் அவை ஏற்கெனவே கடித்துத் தீர்த்த குச்சிதான் மிச்சம். மடி வற்றியது. குட்டிகள் வற்றிய மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்து படுத்தன. காலையில் கூடாரங்களுக்குப் பின்னால் அவற்றைப் பொறுக்கி வைப்பது எங்களுக்கு வேலையானது.

கம்பிக்கு வெளியே வந்து மோருப்பிடம் மாவு வாங்கித் தின்றது ஒரே ஒரு ஜீவன்தான். சிவப்புக் கழுத்து வாத்துக்குத் தன் வாழிடத்தின் எல்லை இன்னும் அறிவிக்கப்படவில்லை.

மோருப் நகரத்துக்குப் போக முடிவு செய்தான். பேசுவதற்கு ஆள் வேண்டுமே என்று நானும் போனேன். மூன்று மாடிக் கட்டடத்தில் எங்களை முதல் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கும், மூன்றிலிருந்து இரண்டுக்கும் அனுப்பினார்கள். பறவைகளின் உயரப் பயணம் குறித்த பிரிவில் லிப்ட் பழுது. கடைசியில் இயக்குநரின் அறைக்கு வந்து சேர்ந்தோம். நகரத்துக் காற்று அவருக்கு ஒத்துக்கொண்டிருந்தது. நல்ல நிறமாக இருந்தார். எங்களை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். பேசுவதற்காகப் போன நான் வாயைத் திறப்பதற்குள் மோருப்பே பேசிவிட்டான்.

“அது நூல் சார். செம்மறிக் கம்பளி. நான்தான் கட்டினேன்.”

அவஸ்தி கோபப்படவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, படிக்காத பிள்ளைக்குக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

“நீ கட்டினதுன்னா, பாதுகாக்கப்பட்ட பறவைய நீ பிடிச்சு வச்சிருந்தேன்னு ஆகுது. அதுக்கு ஜெயில். நீ கட்டலேன்னா அது புது இனம். அதுக்கு வேலி. உனக்கு எது வேணுமோ சொல்லு. வாரியம் யாரையும் கட்டாயப்படுத்தாது.”

மோருப் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான்.

“புல்லு வேணும் சார்.”

“புல்லு எங்க துறையில வராதுப்பா.”

வெளியே வரும்போது வாசல் சிமெண்ட் வாத்துக்குப் புதிதாகச் சிவப்பு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் ஏற்கெனவே கறுப்பு இருந்ததால் அதன் மேலேயே அடிக்க வசதியாக இருந்தது.

இதற்கிடையில் புது இனத்தைக் கொண்டாட மாநாடு ஏற்பாடாகியிருந்தது. எந்த ஊரில் நடத்துவது என்று ஆலோசித்து, பறவையின் இருப்பிடத்திலேயே நடத்துவதுதான் பறவைக்கு மரியாதை என்று முடிவெடுத்தார்கள். வேலிக்கு உள்ளே, புல்வெளியின் நட்டநடுவில், பெரிய பெரிய வெள்ளைக் கூடாரங்கள் எழும்பின. ஜெனரேட்டர் வந்தது. ஒலிபெருக்கியைச் சோதித்துப் பார்த்த முதல் காலை, கரையோரத் திட்டில் அடைகாத்திருந்த வாத்துகள் மொத்தமாக எழும்பின. சில கூட்டுக்குத் திரும்பின, பல திரும்பவில்லை. சமையல் கூடாரத்துக் கழிவைக் கரையோரம் கொட்டினார்கள். அந்த வாசனைக்கு முகாமின் நாய்கள் கம்பியின் அடியில் புகுந்து உள்ளே வந்தன; முட்டைகளை அவைதான் கணக்குத் தீர்த்தன. நாய்கள் மனிதரும் இல்லை, கால்நடையும் இல்லை என்பதால் பலகையின்படி அவற்றுக்குத் தடை கிடையாது.

மேட்டிலிருந்து எங்களுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது. மனிதக் காலடியே படாத இந்தக் கன்னி நிலத்தில் கூடியிருக்கும் நூற்றுக்கணக்கான அறிஞர்களே என்று அவஸ்தி தொடங்கினார். இந்த நிலத்தைக் கால்நடைகளின் பற்களிடமிருந்து மீட்ட பெருமையைத் தாம் ஒருவரே ஏற்க விரும்பவில்லை என்றார். பிறகு ஏற்றுக்கொண்டார். பகல் சாப்பாட்டுக்கு என்ன என்பதையும் ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார்கள். அந்த நேரத்தில் என் தாயாடு ஒன்று குட்டியை நக்கி நக்கி எழுப்பிக்கொண்டிருந்தது. எழுந்து நின்ற குட்டிக்குக் கால் மடங்கியது.

அறிஞர்களில் வயதான பேராசிரியர் ஒருவர் இருந்தார். அவர் மட்டும் ஜீப்பிலிருந்து இறங்கிக் கால்நடையாக மேட்டுக்கு வந்தார். மோருப்பின் காலடியில் நின்று மாவு தின்னும் வாத்தைக் குனிந்து பார்த்தார். திரும்பிப் போய், அது நூலாக இருக்கவும் வாய்ப்பிருக்கிறதே என்று கூட்டத்தில் கேட்டுவிட்டார். சலசலப்பு வந்தது. அவஸ்தி கையுயர்த்தி அமைதிப்படுத்தினார். வாரியம் உண்மைக்கு அஞ்சாது என்றார். நூல் என்றால் நாளைக் காலை எல்லோர் முன்னிலையிலும் அதை அந்த ஆளே அகற்றிக் காட்டட்டும். அது நூலென்று நிரூபணமானால் சிவப்புக் கழுத்து வாத்துக்கென்று போட்ட இந்த வேலிக்கு அன்றைக்கே அவசியம் இல்லாமல் போகும் என்றார். ஒலிபெருக்கியில் சொன்னார். மேட்டில் அத்தனை கூடாரங்களிலும் கேட்டது.

நூலை அறுத்துவிடு என்று மோருப்பிடம் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் அவன் கூடாரப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். யாக் ரோமக் கூடாரத்துக்குச் சுவர் ஏது, உள்ளே பேசியது எனக்குக் கேட்டது. சுஸ்கிட் அன்றைக்கு உரக்கப் பேசவில்லை.

“புள்ள மூச்சக் கொண்டுபோய் அவங்க மைக்கு முன்னால வைக்கப் போற.”

“குட்டிங்க சாகுது சுஸ்கிட்.”

“குட்டி சாகும், அடுத்த வருஷம் பொறக்கும். எனக்கு இவ ஒருத்திதான்.”

“அடுத்த வருஷத்துக்குத் தாயாடு மிஞ்சணுமே. எல்லாம் போச்சுன்னா இவளுக்கு நான் எதக் குடுத்து வளர்ப்பேன்? நூல் கட்டி வச்சிட்டுப் பட்டினி போடவா?”

நான் மோருப்பைத் தெரிந்த காலத்தில் அவன் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. யாங்டோல் தூங்கிவிட்டாளா என்று தெரியவில்லை. தூங்கியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் மோருப்பை வேலிக்குள் விட்டார்கள். உரோமம் கத்தரிக்கும் கத்தரி அவன் இடுப்பில் இருந்தது. மேடைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து உள்ளங்கையில் மாவை வைத்தான். அத்தனை பேரையும் கேமராக்களையும் பார்த்து வாத்து வராது என்று நான் நினைத்தேன். வராமல் இருக்க வேண்டுமென்றுகூட ஒரு நொடி ஆசைப்பட்டேன். அது ஏரிப் பக்கமிருந்து நிதானமாக நடந்து வந்தது. அவன் கையில் வாயை வைத்தது. மோருப் இன்னொரு கையால் கத்தரியை எடுத்தான். முதல் தடவை அறுபடவில்லை. அது தின்றுகொண்டே இருந்தது. இரண்டாம் தடவை நூல் அறுந்து புல்லில் விழுந்தது. சுஸ்கிட் கம்பிக்கு வெளியே யாங்டோலின் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பேராசிரியர் நூலை எடுத்து, முறுக்கைப் பிரித்துப் பார்த்து, கம்பளி என்றார். எங்கள் பக்கத்தில் பெருமூச்சு எழுந்தது. சிலர் அங்கேயே கூடாரக் கயிறுகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அவஸ்தி உருளையிலிருந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு மைக்குக்கு வந்தார். அவருடைய முகத்தில் சங்கடம் இருக்குமென்று எதிர்பார்த்தேன். இல்லை, துக்கம் இருந்தது.

“அன்பர்களே, நம் முன்னால் நிற்பது சாதாரண வரித்தலை வாத்து. இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியென்றால் சிவப்புக் கழுத்து வாத்து எங்கே? இன்று காலை வரை இருந்தது. ஒரு மனிதன் கத்தரியோடு உள்ளே வந்தான். இப்போது இல்லை. ஓர் இனம் நம் கண்ணெதிரே மறைந்திருக்கிறது. அது திரும்பி வரும்வரை அதன் வாழிடத்தைக் காத்து வைப்பது நம் கடமை. இத்தனை பாதுகாப்பு இருந்தும் மறைந்துவிட்டதென்றால், பாதுகாப்பு போதவில்லை என்பதே பொருள்.”

அறிஞர்கள் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். வாத்தும் அஞ்சலியின்போது அங்கேதான் நின்றது, மாவு மிச்சம் இருந்ததால். வேலியை எதிர்க்கரை வரை நீட்டுவதென்று தீர்மானம் நிறைவேறியது. பேராசிரியர் ஏதோ சொல்ல எழுந்தார். அவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மறைந்த இனத்தின் எஞ்சிய ஒரே பாகம் என்று நூலைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடினார்கள். மோருப் அதைத் திருப்பித் தரும்படி கேட்டான். அது தேசத்தின் சொத்து என்றார்கள்.

சாயங்காலம் ஜிக்மெட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மோருப் கூடாரத்துக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். அவன் உட்காரவில்லை.

“எங்க வீட்ல யாக்குக்குக் கட்டியிருக்கோம் அண்ணே. என் தம்பிக்காக. முத நாளே எனக்குத் தெரியும்.”

நான்தான் கேட்டேன், தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று. திறந்திருந்தால் வேலை போயிருக்கும், வேலைக்கு வேறு ஒருவன் வந்திருப்பான், அவனுக்கு எங்கள் பாஷையே தெரிந்திருக்காது என்றான். நன்றாக யோசித்து வைத்திருந்த பதில். வீட்டுக்கு வந்தவனுக்குக் கொடுக்காமல் இருக்கக் கூடாதே என்று சுஸ்கிட் வெண்ணெய் டீயை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு மோருப் முகத்தையும் அவள் அதிகம் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷக் குட்டிகளில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் மிஞ்சின. குளிர் வந்தபோது தாயாடுகள் கொழுப்பில்லாமல் அதற்குள் நுழைந்தன, பல வெளியே வரவில்லை. கூடாரங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நகரத்து ஓரத்தில் கல் உடைக்கவும் ஓட்டலில் பாத்திரம் கழுவவும் போனார்கள். யாங்டோலை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை; நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் பள்ளியிலிருந்து போன் வரும்போதெல்லாம் சுஸ்கிட் முதலில் மூச்சுச் சத்தத்தைத்தான் கேட்பாள். குழந்தை இருமினால் போனைக் கீழே வைத்துவிட்டு மோருப்பைப் பார்ப்பாள். எதையாவது சொல்லித் திட்டினால் அவனுக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். விடுதிக்குப் பணம் கட்ட வேண்டியிருந்ததால், வாரியம் வேலிக்குக் காவல் ஆள் தேடியபோது மோருப் போய் நின்றான். உள்ளூர் மக்களின் பங்கேற்பு என்ற தலைப்பில் அவனைப் படம் எடுத்தார்கள். பச்சைத் தொப்பி அவனுக்குக் கொஞ்சம் பெரிது.

வசந்தம் வந்தது. பனி உடைந்தது. வேலிக்குள் போன வருஷப் புல் ஆடு படாமல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, காய்ந்து, சாய்ந்து கிடந்தது. புதுப்புல் அதற்கு அடியில் மூச்சு முட்டிக்கொண்டு இருந்தது. வாத்துகள் வந்தன. ஏரியை ஒரு சுற்று சுற்றின, இரண்டாவது சுற்று தாழ்வாகச் சுற்றின. இறங்க இடம் பார்க்கிற சத்தம் எங்களுக்குத் தெரியும். பிறகு மேலேறி எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. அங்கேயும் ஓர் ஏரி இருக்கிறது. அங்கே இன்னும் ஆடு மேய்கிறதாம். பறவைகள் நம் அமைதியைக் கெடுக்க விரும்பாமல் சென்றிருக்கின்றன என்று வாரியம் அறிக்கை விட்டது.

இடையூறே இல்லாத ஏரி என்று லுங்சோவுக்கு விருது கிடைத்தது. விருதைக் கொண்டாட அவஸ்தி புது உருளையோடு வந்தார். வேலிக்குள் மேடை. முன் வரிசையில் விருந்தினர்கள். நாங்கள் மீதமிருந்த சிலர் கம்பிக்கு வெளியே. காவலரையே கேட்போம் என்று சொல்லி மோருப்பை மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்.

“இந்த வருஷம் இங்க ஒரு பறவைக்காவது ஏதாவது தொந்தரவு உண்டா? தைரியமா சொல்லுப்பா.”

“இல்ல சார். பறவையே இல்ல சார்.”

ஜிக்மெட் விருந்தினர்களுக்கு முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தான். நல்ல கைதட்டல்.

கைதட்டல் ஓயும்போதுதான் அந்த ஆட்டை எல்லோரும் பார்த்தார்கள். சுஸ்கிட்டிடம் கடைசியாக மிஞ்சியது அது. ஒரு கொம்பு உடைந்த வெள்ளைத் தாயாடு. நிறைசினை. கம்பிக்கு அடியில் காற்று அரித்த பள்ளத்தில் நுழைந்து உள்ளே வந்து, காய்ந்த புல்லை மூக்கால் விலக்கி அடியிலிருந்த பச்சையைக் கடித்துக்கொண்டிருந்தது. மேடைக்கு நேர் எதிரே. விருந்தினர்கள் அவஸ்தியைப் பார்த்தார்கள். அவஸ்தி மோருப்பைப் பார்த்தார்.

மோருப் மேடையிலிருந்து இறங்கி நடந்தான். அவனைப் பார்த்ததும் ஆடு மேய்வதை விட்டுவிட்டு அவனை நோக்கி வந்தது. அவன் கையில் உப்பு இருக்கும் என்று அதற்குத் தெரியும். அவன் தணிந்த குரலில் ஏதோ சொன்னான். அது போகவில்லை. அவன் குனிந்து ஒரு கல்லை எடுத்து எறிந்தான். கல் பக்கத்தில் விழுந்தது. ஆடு போய் அந்தக் கல்லை முகர்ந்து, நக்கிப் பார்த்தது. முன் வரிசையில் சிலர் சிரித்தார்கள். மோருப் இன்னொரு கல்லை எடுத்தான். எங்கள் ஆட்கள் யாருக்கும் குறி தப்பாது. அது பின்காலில் பட்டது. ஆடு கத்தவில்லை. நொண்டிக்கொண்டே வந்த வழியில் குனிந்து, வயிறு கம்பியில் உரச வெளியேறியது.

மறுபடியும் கைதட்டினார்கள். சுஸ்கிட் ஆட்டின் நல்ல கொம்பைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. மோருப் மேடைக்கு வந்து பழைய இடத்தில் நின்றான். வாரியப் பாடல் ஒலிக்கப் போகிறது, எல்லோரும் தயவுசெய்து எழுந்து நிற்கவும் என்று ஜிக்மெட் அறிவித்தான்.